வி. ராஜாராமன்: ஆய்வாளரா, ஆசிரியரா? அவருடைய வாழ்க்கையும் இந்தியக் கணினிக் கல்வியும்

நொய்யல் எழுதியது:

எம்.சி.ஏ. என்னும் கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் பட்டம் படித்தவர்களுள் வி. ராஜாராமன் என்ற பெயரை அறியாதவர் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு அது புத்தக அட்டையில் அச்சான ஒரு பெயர் மட்டுமே. அவருடைய வாழ்க்கையையும் பணியையும் சேர்த்து ஓரிடத்தில் விவாதிக்க வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வைத்தீஸ்வரன் ராஜாராமன் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். பள்ளிப் படிப்பு புதுதில்லியில், மதராசி கல்விச் சங்கத்தின் பள்ளியில் நடந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று இன்று நாம் அறியும் அமைப்பின் பழைய பெயர்தான் அது. செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் 1952இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1955இல் பட்டயம் பெற்றார். பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டமும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961இல் முனைவர் பட்டமும் பெற்று, சிறிது காலம் அங்கேயே கற்பித்துவிட்டு நாடு திரும்பி ஐ.ஐ.டி. கான்பூரில் சேர்ந்தார். 1982 முதல் 1994 வரை இந்திய அறிவியல் கழகத்தின் மீத்திறன் கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) கல்வி, ஆய்வு மையத்தை வழிநடத்தினார். 1976இல் அறிவியல் ஆய்வுக்கான பட்நாகர் பரிசும் 1998இல் பத்மபூஷணும் அவருக்குக் கிடைத்தன.

இவை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும் செய்திகள். விவாதத்துக்குரியது வேறு. அவர் செய்த பணிகளுள் தலையாயது எது? மின்னணுப் பொறியாளரின் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்த கணினியை வெளியே கொண்டுவந்து, பி.எஸ்சி.யோ பி.காமோ படித்த ஒரு மாணவனால் கற்றுவிடக்கூடிய பாடமாக ஆக்கியதே அவருடைய பெரும்பணி என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

பழைய மின்பொறியாளர் எழுதியது:

நொய்யல் அவர்கள் பெங்களூருப் பருவத்தை ஒரே வரியில் தாண்டிச் சென்றுவிட்டார். அங்கே சற்று நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1950களின் நடுப்பகுதியில் இந்திய அறிவியல் கழகத்துக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வின்சென்ட் ரைடவுட் என்ற பேராசிரியர் வருகைதரு ஆசிரியராக வந்தார். அவருடைய வழிகாட்டுதலில் மாணவர்கள் ஓர் ஒப்புமைக் கணினியைக் கட்டினார்கள். இன்றைய இளைஞர்களுக்கு இந்த வகைக் கணினி எப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். அதில் எண்கள் இல்லை. மின்னழுத்தம்தான் எண்ணின் இடத்தில் நிற்கிறது. மின்குறிகையை வலுவாக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர் சுற்றில் மின்தடையைச் சேர்த்தால் கூட்டலும், மின்தேக்கியைச் சேர்த்தால் தொகையீடும் தாமாகவே நடந்துவிடும். ஆகவே நேரியல் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பது எளிது. ஆனால் மாறிக்கொண்டிருக்கும் இரண்டு மின்னழுத்தங்களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும் என்றாலோ, வளைகோடாக மாறும் ஒரு சார்பை உருவாக்க வேண்டும் என்றாலோ, சாதாரணச் சுற்றுகள் போதா. நேரியல் அல்லாத இத்தகைய அலகுகளை வடிவமைத்துக் கட்டுவதே ராஜாராமனின் பட்டயப் பணியாக இருந்தது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் நிரலாக்க நூல்கள் எழுதிய மனிதர், தொடக்கத்தில் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் அலைவுகாட்டியுமாக நின்று இயந்திரத்தையே கட்டியவர். விஸ்கான்சினில் ரைடவுட்டின் வழிகாட்டுதலில் அவர் செய்த முனைவர் ஆய்வும் தகவமைக் கட்டுப்பாட்டு முறைமைகள் பற்றியதே. தானே தன் அளவுருக்களைத் திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவி என்பது அன்றைக்குப் புதிய சிந்தனை. அவரை வெறும் பாடநூல் ஆசிரியர் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தாண்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

---

கங்கைக்கரை எழுதியது:

கான்பூரைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த வளாகத்தில் பிற்காலத்தில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் மூத்தவர்கள் வாயிலாகக் கேட்டதும் உண்டு, படித்ததும் உண்டு.

ஐ.ஐ.டி. கான்பூர், அமெரிக்காவின் ஒன்பது பல்கலைக்கழகங்கள் கூட்டாக அளித்த உதவியோடு வளர்ந்த நிறுவனம். அந்தத் திட்டத்தின் பகுதியாக 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 கணினி வந்தது. அதனுடன் வந்தவர்களுள் ஹாரி ஹஸ்கி முக்கியமானவர். இங்கிலாந்தில் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் கணினித் திட்டத்தில் பணிபுரிந்தவர். இந்தியாவுக்கு அதற்கு முன்பே கணினிகள் வந்துவிட்டன என்பது உண்மை. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1950களின் நடுவிலேயே பிரிட்டனிலிருந்து வந்த ஓர் இயந்திரம் இருந்தது. மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு கணினியையே கட்டிவிட்டார்கள். ஆனால் அவை ஆய்வாளர்களின் கருவிகள். கான்பூரில் எடுத்த முடிவு வேறு: கணினி முதன்மையாகக் கற்பிப்பதற்கு, மாணவர்களும் அதைப் பயன்படுத்துவார்கள்.

1620 பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. அது இரும எண்ணில் வேலை செய்த இயந்திரம் அன்று. பதின்ம இலக்கங்களையே நேரடியாகக் கையாண்டது. கூட்டுவதற்கென்று தனிச் சுற்றும் அதன் முதல் வடிவத்தில் கிடையாது. நினைவகத்தில் ஒரு கூட்டல் வாய்பாட்டை வைத்துக்கொண்டு, நாம் ஒன்றாம் வகுப்பில் பார்த்து எழுதியதைப் போல, ஒவ்வோர் இலக்கமாகத் தேடிப் பார்த்து விடை எழுதும். ‘இதற்குக் கூட்டத் தெரியாது, முயன்றுகூடப் பார்க்காது’ என்று பொருள்பட அமெரிக்காவில் இதற்கு ஒரு கேலிப்பெயர் வழங்கியது. தவறான நிரல் அந்த வாய்பாட்டின் மீதே எதையாவது எழுதிவிட்டால், பிறகு இயந்திரம் போடும் கணக்கெல்லாம் தப்பாகத்தான் வரும். இப்படிப்பட்ட இயந்திரத்தை வைத்துக்கொண்டுதான் துளை அட்டைகளில் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கற்பித்தார்கள்.

ராஜாராமனும் அவருடைய சக ஆசிரியர்களும் வளாக மாணவர்களுக்கு மட்டும் கற்பித்து நிறுத்திக்கொள்ளவில்லை. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த விஞ்ஞானிகள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்குப் பத்து நாள் தீவிரப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார்கள். வந்தவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிக் கற்பித்தார்கள். 1965இல் கணினி அறிவியலுக்கான முறையான கல்வித் திட்டம் கான்பூரில் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல் என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டே ஐ.பி.எம். 7044 என்ற பெரிய இயந்திரமும் வந்து சேர்ந்தது.

---

மறுதரப்பு எழுதியது:

மேலே உள்ள பதிவுகளை மரியாதையோடு படித்தேன். ஆனால் எல்லோரும் ஒரே திசையில் பேசுவதால், மறுபக்கத்தை ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராஜாராமனின் பங்களிப்பு என்று நொய்யல் அவர்கள் சொல்வது, கூர்ந்து பார்த்தால், மனிதவள உற்பத்தி. இந்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் கமிஷன் அமைத்த மனிதவளக் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். எத்தனை நிரலர்கள் தேவைப்படுவார்கள் என்ற கணக்கிலிருந்துதான் எம்.சி.ஏ. பிறந்தது. அதன் பயன் என்ன? பிற நாட்டு நிறுவனங்களுக்கு நிரல் எழுதித் தரும் பெரும்படை ஒன்று உருவானது. கணினி அறிவியலின் ஆழமான கேள்விகளை, அதாவது கணிப்பின் எல்லை என்ன, ஒரு நிரல் சரியானது என்பதை எப்படி நிறுவுவது என்பன போன்ற கேள்விகளை, அந்தப் படையில் எத்தனை பேர் கேட்டார்கள்? நரசிம்மன் வடிவ அறிதலில் புதிய சிந்தனைகளை முன்வைத்தார். அவரோடு ஒப்பிட்டால் ராஜாராமன் பிறர் கண்டதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர். அது நல்ல பணிதான். ஆனால் ‘முன்னோடிக் கணினி அறிவியலாளர்’ என்ற அடைமொழிக்கு அது போதுமா?

நூல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், அவருடைய புத்தகத்தின் பயிற்சி நிரல்களை அப்படியே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இருந்தார்கள். கணினி ஆய்வகத்தின் கதவு திறப்பதே அரிது. உலகம் வேறு மொழிகளுக்குப் போய்விட்ட பிறகும் ஃபோர்ட்ரான் பாய்வுப்படம் வரைந்துகொண்டிருந்தோம்.

---

மலைக்கோட்டை எழுதியது:

மறுதரப்பு அவர்களுக்கு: உங்கள் கல்லூரி ஆய்வகத்தின் கதவு திறக்காததற்கு நூலாசிரியர் எப்படிப் பொறுப்பாவார் என்பது எனக்குப் புரியவில்லை. ஃபோர்ட்ரானுக்கு எழுதியவர் பிறகு கோபால் (COBOL), பாஸ்கல், சி ஆகிய நிரல்மொழிகளுக்கும் எழுதினார். ஃபோர்ட்ரான் நூலையே 77, 90 என்று மொழி மாறும்போதெல்லாம் மாற்றி எழுதினார். பாடத்திட்டக் குழுக்கள் மாற்றவில்லை என்றால் அந்தக் குழுக்களைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது எம்.சி.ஏ. பற்றி. திருச்சியைச் சுற்றியுள்ள கலைக் கல்லூரிகளில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவள் நான். 1980களுக்கு முன்பு பி.எஸ்சி. கணிதம் முடித்த ஒரு பெண்ணுக்கு எதிரே இருந்த வழிகளை எண்ணிவிடலாம்: பி.எட். படித்து ஆசிரியப் பணி, வங்கித் தேர்வு, எம்.எஸ்சி., அல்லது திருமணம். பொறியியலில் இடம் கிடைக்காதவர்களுக்கும், பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்துவிட்டவர்களுக்கும் கணினி என்பது மூடிய கதவு. கணினித் துறைக்கு மின்னணுப் பொறியியல் பட்டம் கட்டாயம் என்ற எண்ணமே பரவலாக இருந்தது.

ராஜாராமன் தலைமையிலான குழு சொன்ன கருத்து எளியது. ஆனால் அந்தக் காலத்தில் துணிச்சலானது. நிரல் எழுதுவதற்கும் ஒரு நிறுவனத்தின் தகவல் முறைமையை வடிவமைப்பதற்கும் தேவையானது தர்க்க ஒழுங்கும், ஓரளவு கணிதமும், நிறுவனம் எப்படி இயங்குகிறது என்ற அறிவும்தான். எந்தப் பட்டதாரிக்கும் மூன்று ஆண்டுகளில் அதைக் கற்றுத்தர இயலும். ஆகவே பாடத்திட்டத்தில் கணிதத்தோடும் கணினி அமைப்போடும் கணக்குப்பதிவியலும் மேலாண்மையும் இடம்பெற்றன. இறுதிப் பருவம் தொழில் நிறுவனத்தில் செயல்திட்டம் செய்வதற்கு ஒதுக்கப்பட்டது. பி.காம். படித்தவனுக்குக் கணக்குப்பதிவியல் தெரியும், கணிதம் தெரியாது, பி.எஸ்சி. படித்தவனுக்கு இதற்கு நேர்மாறு. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் ஒருவனுக்கு ஒருவன் சொல்லிக்கொடுத்துக்கொள்வான் என்பதை வகுப்பறையில் நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

என்னிடம் கணிதம் படித்த பிள்ளைகளில், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், எம்.சி.ஏ. வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். இதை ‘மனிதவள உற்பத்தி’ என்ற சொல்லுக்குள் அடைத்துவிட முடியுமா என்று யோசியுங்கள். 2020இல் எம்.சி.ஏ.வை மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகச் சுருக்கிவிட்டார்கள். இளநிலையிலேயே பி.சி.ஏ. படித்து வருபவர்கள் பெருகிவிட்ட நிலையில் அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் கணினியையே தொடாமல் வரும் வரலாற்றுப் பட்டதாரிக்கு இரண்டு ஆண்டு போதாது என்பதே என் எண்ணம்.

---

புதுமுகம் எழுதியது:

நான் தற்போது எம்.சி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். ராஜாராமன் அவர்களின் தகவல் முறைமைப் பகுப்பாய்வு, வடிவமைப்பு நூலை எங்கள் ஆசிரியர் பரிந்துரைத்தார். அதில் விடுதி மெஸ் பற்றிய எடுத்துக்காட்டு நெடுகிலும் வருகிறது. இத்தனை பக்கங்களை ஒரு மெஸ்ஸுக்கு ஏன் ஒதுக்கினார் என்று தெரியவில்லை. இன்றைய சூழலில் இணைய வணிகத்தையோ கைப்பேசிச் செயலியையோ எடுத்துக்காட்டாகக் கொண்ட நூலைப் படிப்பது மேல் அல்லவா?

---

நொய்யல் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அந்த விடுதிதான் அந்த நூலின் உயிர்.

மெஸ் பில் எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். மாத இறுதியில் அரிசி, பருப்பு, காய்கறி, எரிபொருள் முதலிய மொத்தச் செலவை, அந்த மாதத்தில் எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நாள்வீதம் கிடைக்கும். ஊருக்குப் போனவனுக்குக் கட்டணக் கழிவு உண்டு; ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், குறைந்தபட்ச நாட்கள் போயிருக்க வேண்டும். கூடுதலாக ஆம்லெட் வாங்கியவனின் கணக்கு தனி. இதற்கிடையில் பண்டகசாலையில் இருப்பு குறைந்தால் சொல்ல வேண்டும். நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பதைப் பார்த்துக் காய்கறிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். பாக்கி வைத்திருப்பவர் பட்டியல் காப்பாளருக்குப் போக வேண்டும்.

இந்த ஒரே மெஸ்ஸில் கணக்குப்பதிவும், இருப்புக் கட்டுப்பாடும், தேவை முன்கணிப்பும், மேலாண்மை அறிக்கையும் வந்துவிடுகின்றன. ஒரு பெரிய தொழிற்சாலையின் தகவல் முறைமையில் என்னென்ன இருக்குமோ அவையெல்லாம் சிறிய அளவில் இங்கேயே இருக்கின்றன. அமெரிக்கப் பாடநூல்கள் விமான நிறுவனத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எடுத்துக்காட்டாகத் தரும். நம் மாணவன் அவற்றுக்குள் நுழைந்ததே இல்லை. விடுதி மெஸ்ஸோ அவன் தினமும் மூன்று வேளை போய் வரும் இடம். எந்தத் தகவல் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதை அவனால் நேரில் போய்ப் பார்த்துவிட முடியும். வடிவமைப்பில் பிழை இருந்தால் யார் சண்டைக்கு வருவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

முடிவு அட்டவணை என்ற உத்தியையும் அவர் தம் நூல்களில் விடாமல் கற்பித்தார். மேலே நிபந்தனைகள், கீழே செயல்கள். ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: புத்தகம் கெடு தாண்டிவிட்டதா, வேறொருவர் அதை முன்பதிவு செய்திருக்கிறாரா, வாங்கியவருக்கு அபராத பாக்கி உண்டா என்று மூன்று நிபந்தனைகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என இரண்டு விடைகள் இருப்பதால் எட்டு நிலைகள் உண்டாகின்றன. நூலகரைக் கேட்டால் அவர் நினைவுக்கு வரும் நாலைந்தைச் சொல்வார். அட்டவணை போட்டுப் பார்த்தால்தான் மீதி நிலைகள் வெறுமையாக நிற்பது தெரியும். அந்த வெற்றிடங்களை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் கேட்க வேண்டும். ஒரே நிலைக்கு இரண்டு முரணான செயல்கள் எழுதியிருந்தால் அதுவும் கண்ணில் பட்டுவிடும். மென்பொருள் துறையில் நான் பார்த்த பெரும்பிழைகள் பல, யாரும் கேட்காமல் விட்ட அந்த வெற்றுக் கட்டங்களிலிருந்து வந்தவைதான்.

---

கங்கைக்கரை எழுதியது:

நூல்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். கான்பூர் வகுப்புகளுக்காக எழுதிய குறிப்புகளிலிருந்துதான் 1969இல் அவருடைய நிரலாக்க அடிப்படை நூல் உருவாகி பிரென்டிஸ் ஹால் இந்தியக் கிளை வழியாக வெளிவந்தது. அப்போது கணினி நூல் என்றால் அயல்நாட்டுப் பதிப்பு. மாணவனால் நினைத்துப் பார்க்க முடியாத விலை. ராஜாராமனின் நூல்கள் மலிவுப் பதிப்பாகவே வந்தன; அதிலேயே அவர் குறியாக இருந்தார். இருபதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிய ஒருவர் தாளின் தரத்தைவிட விலையைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது அந்த நூல்களைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். தாள் மங்கலாகத்தான் இருக்கும்!

---

பழைய மின்பொறியாளர் எழுதியது:

மறுதரப்பு அவர்கள் எழுப்பிய ‘முன்னோடி அறிவியலாளரா’ என்ற கேள்விக்கு நேரடியாக விடை சொல்ல வேண்டும் என்றால் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும்.

1980களில் மீத்திறன் கணினி என்றால் கிரே நிறுவனத்தின் இயந்திரம் என்று பொருள். அதை இந்தியாவுக்கு விற்பதற்கு அமெரிக்க அரசு கடும் கட்டுப்பாடுகளை வைத்திருந்தது. அப்போது பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்த ராஜாராமன், பல செயலிகளை ஒருங்கே இயக்கும் இணைநிலைக் கணினியை நாமே உருவாக்குவதற்கு ஒரு தனி அமைப்பு வேண்டும் என்ற பரிந்துரையில் பங்கேற்றார். அதன் விளைவாகத்தான் 1988இல் புணேயில் சி-டாக் என்னும் அரசுக் கணினி ஆய்வு மையம் தோன்றியது. அது உருவாக்கிய பரம் 8000 என்ற மீத்திறன் கணினி 1991இல் வெளிவந்தது. ஒரே ஒரு மிகவேகச் செயலியைக் கட்டுவதற்கு வேண்டிய சில்லுத் தொழில்நுட்பம் நம்மிடம் இல்லை. சந்தையில் கிடைக்கும் டிரான்ஸ்பியூட்டர் என்ற சாதாரணச் செயலிகளைப் பல எண்ணிக்கையில் இணைத்து, வேலையைப் பகிர்ந்து கொடுத்தால் அதே வேகத்தை நெருங்கலாம் என்பதே அதன் அடிப்படை. இன்று உலகின் மீத்திறன் கணினிகள் எல்லாம் ஆயிரக்கணக்கான செயலிகளின் இணைப்புத்தான். இணைநிலைக் கணினிகள் பற்றி ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் சி. சிவராம் மூர்த்தியுடன் சேர்ந்து அவர் ஒரு நூலும் எழுதினார்.

அறிவியல் கழகத்தின் மையத்திலும் அவர் ஒரு முக்கியமான முடிவை எடுத்தார். எல்லாப் பணிகளையும் ஒரே மையக் கணினியின் தலையில் கட்டாமல், பணிநிலையங்களையும், ஒவ்வொரு வகைப் பணிக்கும் ஏற்ற சேவையகங்களையும் வலையமைப்பால் இணைத்து, ஆய்வாளரின் மேசையிலிருந்தே எல்லாவற்றையும் அணுகும்படி செய்தார். இன்றைக்கு இது இயல்பாகத் தோன்றுகிறது. பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கிக் கண்ணாடி அறையில் வைப்பதுதான் பெருமை என்றிருந்த காலத்தில் இதை எடுத்துச் சொல்லி ஏற்கவைப்பது எளிதாக இருந்திருக்காது என்பது, அரசு நிறுவனக் கொள்முதல் குழுக்களில் உட்கார்ந்த அனுபவம் உள்ள எவருக்கும் விளங்கும்.

---

மறுதரப்பு எழுதியது:

விடுதி எடுத்துக்காட்டைப் பற்றி நொய்யல் எழுதியதை ரசித்துப் படித்தேன். மலைக்கோட்டை அம்மையார் சொன்ன சமூகப் பயனையும் நான் மறுக்கவில்லை. ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. பட்நாகர் பரிசு பெறும் அளவுக்கு ஆய்வுத் திறன் கொண்ட ஒருவர், தம் ஆற்றலின் பெரும்பகுதியைப் பாடநூலிலும் குழு அறிக்கையிலும் நிர்வாகத்திலும் செலவிட்டார். தனி மனிதரின் தெரிவாக அதை மதிக்கலாம். ஆனால் நம் நிறுவனங்கள் சிறந்த ஆய்வாளர்களையெல்லாம் இப்படியே பயன்படுத்திக்கொண்டன என்றால், நாட்டின் ஆய்வு பின்தங்கியதில் வியப்பென்ன இருக்கிறது?

---

மலைக்கோட்டை எழுதியது:

நீங்கள் சொல்வதில் நியாயம் உள்ள இடம் ஒன்று இருக்கிறது. பாடநூலும் குழுவும் ஒருவரின் நேரத்தை விழுங்கும். ஆனால் 1963இல் நாட்டிலிருந்த நிலையை மனத்தில் கொண்டு பாருங்கள். ஆய்வு மாணவர்கள் வேண்டும் என்றால் முதலில் கணினி கற்ற பட்டதாரிகள் வேண்டும். பட்டதாரிகள் வேண்டும் என்றால் ஆசிரியர்கள் வேண்டும். ஆசிரியர்கள் வேண்டும் என்றால் யாராவது பத்து நாள் வகுப்பு எடுக்க வேண்டும், வாங்கக்கூடிய விலையில் ஒரு புத்தகம் எழுத வேண்டும். இந்தப் படிகளில் எதையும் தாண்டிக் குதித்துவிட முடியாது.

தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கான்பூரில் ராஜாராமனோடு கற்பித்த எச்.என். மகாபாலா 1973இல் ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு வந்து இங்கே கணினித் துறையைக் கட்டியெழுப்பினார். அதே ஆண்டில்தான் ஐ.பி.எம். 370 கணினியும் கிண்டி வளாகத்துக்கு வந்தது. இயந்திரம் வந்தபோது அதை வைத்துக் கற்பிக்க ஆள் இருந்தது என்றால், அந்த ஆள் பத்தாண்டு முன்பே கான்பூரில் பழகியிருந்ததுதான் காரணம்.

இன்னொன்று. எண்பது வயதைத் தாண்டிய பிறகும் ராஜாராமன், இந்திய அறிவியல் அகாதெமியின் ரெசனன்ஸ் இதழில் மாணவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தார். மேகக் கணிமை பற்றி 2014இல், பெருந்தரவு பற்றி 2016இல், செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஜான் மெக்கார்த்தியின் வாழ்க்கை பற்றி என்று அந்தக் கட்டுரைகள் நீள்கின்றன. வெற்றிடக் குழாய்க் (வால்வு) காலத்தில் ஒப்புமைக் கணினி கட்டியவர் மேகக் கணிமையைக் கல்லூரி மாணவனுக்கு விளக்குகிறார். ஆற்றல் வீணாகிப்போன ஒருவரின் எழுத்தாக அது எனக்குத் தெரியவில்லை. தமக்குப் பிடித்த வேலையைக் கடைசிவரை செய்தவரின் எழுத்தாகவே தெரிகிறது.

---

புதுமுகம் எழுதியது:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. மெஸ் எடுத்துக்காட்டை மீண்டும் படிக்கிறேன். அவருடைய நூல்களில் வேறு எவற்றை இன்றும் படிக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நொய்யல் எழுதியது:

மொழி சார்ந்த நூல்களை விட்டுவிடலாம். ஃபோர்ட்ரான், கோபால் நூல்களுக்கு இப்போது வரலாற்று மதிப்புத்தான் அதிகம். அறிவியல் கணக்கீட்டில் நாட்டம் இருந்தால் கணினிவழி எண்ணியல் முறைகள் பற்றிய நூல் இன்றும் பயன்படும். சமன்பாட்டுத் தீர்வில் பிழை எங்கே புகுந்து எப்படிப் பெருகுகிறது என்பதை அதில் நிதானமாகச் சொல்லியிருக்கிறார். டி. ராதாகிருஷ்ணனுடன் சேர்ந்து எழுதிய கணினி அமைப்பு நூலில் ஸ்மாக் பிளஸ் என்ற கற்பனைக் கணினியைக் கட்டளை கட்டளையாக உருவாக்கிக் காட்டுகிறார். உண்மையான செயலி ஒன்றின் ஆயிரம் பக்கக் கையேட்டைத் திறப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். இந்தியாவில் கணினியின் வரலாற்றை 1955 முதல் 2010 வரை அவரே ஒரு சிறு நூலாக எழுதியிருக்கிறார். 1978இல் ஐ.பி.எம். நாட்டைவிட்டு வெளியேறியதும் அதன் விளைவுகளும் அதில் உண்டு. மறுதரப்பு அவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன், வாதத்தைத் தொடரச் சரக்கு கிடைக்கும்.

பகுப்பாய்வு நூலை மட்டும் வேறு வகையில் படியுங்கள். முதலில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் விடுதி அலுவலகத்துக்குப் போய், கழிவு விண்ணப்பம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று கேட்டுத் தரவோட்டப் படத்தை நீங்களே வரையுங்கள். பிறகு அவர் வரைந்ததோடு ஒப்பிடுங்கள். வரைந்ததை இங்கே பதிவிட்டால் எங்கே அம்புக்குறி விட்டுப்போயிருக்கிறது என்று நாங்களும் பார்த்துச் சொல்கிறோம்.